செங்கல்பட்டு வரை யார் வருவார்?

2019 ஜனவரியில் தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியின் விலங்கியல் மூன்றாமாண்டு மாணவர்கள் மைசூரு, குடகு, பெங்களூரு என்று கல்விச் சுற்றுலா போய்வந்தார்கள். ஊர் திரும்பியதும் 34 மாணவிகள், உடன் வந்த பேராசிரியர்கள்மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தார்கள். கல்லூரியின் உள்ளகப் புகார் குழு விசாரித்தது. உதவிப் பேராசிரியர் இருவர்மீதான புகாரில் முகாந்திரம் இருக்கிறது என்றது. அவர்களில் ஒருவர், குழுவின் அறிக்கையையும் நிர்வாகம் அனுப்பிய நோட்டீஸையும் ரத்து செய்யக் கோரி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஆகஸ்ட் மாதம் நீதிபதி எஸ். வைத்தியநாதன் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தார்.

மாணவிகளுக்கு இது பெரிய விஷயம். ஆனால் தீர்ப்பில் வேறு சில வரிகளும் இருந்தன. கிறிஸ்தவ மிஷனரிகள்மீது எப்போதும் ஏதாவது குற்றச்சாட்டு இருந்துகொண்டே இருக்கிறது, கட்டாய மதமாற்றப் புகாரும் உண்டு, கிறிஸ்தவ நிறுவனங்களின் இருபாலர் கல்வி பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லை என்ற எண்ணம் பெற்றோரிடம் இருக்கிறது என்ற பொருளில் நீதிபதி எழுதியிருந்தார். எதிர்ப்பு கிளம்பியது, சில நாட்களிலேயே அந்தப் பகுதியை அவர் நீக்கிவிட்டார். எதிர்ப்பு நியாயமானது. இருவர்மீதான புகாரை வைத்து ஒரு சமயத்தாரின் நிறுவனங்கள் அத்தனையையும் எடைபோட முடியாது. ஆனால் அந்த ஒரு வாரம் பத்திரிகைகளிலும் ஆலய வாசல்களிலும் பேசப்பட்டது நீதிபதியின் வரிகள் மட்டுமே. 34 பெண்கள் பேச்சிலிருந்து காணாமல் போனார்கள்.

இது தனிப்பட்ட நிகழ்வு இல்லை. 2018இல் கேரளத்தில் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையின் குருமார் சிலர், ஒரு பெண் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை வைத்தே அவரை மிரட்டிச் சீரழித்ததாகப் புகார் எழுந்தது. தேசிய மகளிர் ஆணையம் பாவசங்கீர்த்தன முறையையே ஒழிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. சபைகள் கொதித்தன. அதன்பின் விவாதம் முழுக்க அந்தத் திருவருட்சாதனத்தைப் பற்றியதாகிவிட்டது. புகார் கொடுத்த பெண்ணைப் பற்றிப் பேச ஆளில்லை. வெளியிலிருந்து ஒருவர் மிகையாகப் பேசினால் போதும், உள்ளே இருக்கிறவர்களுக்குப் பேசாமலிருக்க ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிடுகிறது. சிறுபான்மையாக வாழும் சமூகத்துக்கு வெளியுலகப் பயம் பொய்யான பயம் அல்ல. ஜெபக்கூட்டத்துக்குள் புகுந்து தகராறு செய்கிறவர்கள் இருக்கும் நாடு இது. அந்தப் பயத்துக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

பாலியல் குற்றம் சபைகளுக்கு மட்டும் உரிய நோயல்ல. 2007இல் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில் 53.22 விழுக்காட்டினர் ஏதோ ஒருவகைப் பாலியல் தொல்லையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். தென்சென்னைப் புறநகரையே எடுத்துக்கொள்ளலாம். கேளம்பாக்கம் சுஷில் ஹரி பள்ளியின் நிறுவனர் சிவசங்கர் பாபா, முன்னாள் மாணவிகளின் புகார்களின் பேரில் 2021 ஜூனில் டெல்லியில் கைதானார். 2025 ஜூனில் தாம்பரம் சானடோரியத்தை ஒட்டிய அரசு சேவை இல்லத்தில் 13 வயதுச் சிறுமி தாக்கப்பட்ட வழக்கில் அங்கே காவலுக்கு இருந்தவரே கைதானார். ஆசிரமம், அரசு விடுதி, பள்ளி, ஆலயம் எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று: பெரியவர் கையில் அதிகாரம், பிள்ளை மனதில் நம்பிக்கை. ஆலயத்தில் கூடுதலாக இன்னொன்று சேர்கிறது. அங்கே பெரியவரை எதிர்த்துப் பேசுவது கடவுளை எதிர்ப்பதாகப் பிள்ளைக்குத் தோன்றும்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான். புகார் வந்ததும் சபைகள் தங்களால் முடியாத வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கின்றன. முடிந்த வேலையை விட்டுவிடுகின்றன. முடியாதது விசாரணை. முடிந்தது கூட நிற்பது. மூப்பர்கள் உட்கார்ந்து இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, பையனையும் பெண்ணையும் எதிரெதிரே நிற்கவைத்து, கடைசியில் ஜெபம் பண்ணி அனுப்புகிற காரியத்தை விசாரணை என்கிறோம். சாட்சியம் சேகரிக்கும் பயிற்சியோ அதிகாரமோ அவர்களுக்கு இல்லை. பல நேரம் குற்றம் சாட்டப்பட்டவர் அவர்களோடு அதே மேசையில் கணக்குப் பார்க்கிறவர். அதே மூப்பர்களிடம் கார் இருக்கிறது, நேரம் இருக்கிறது, வக்கீல் உறவினர் இருக்கிறார், ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நர்ஸ் இருக்கிறார். இவையெல்லாம் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குத் தேவை. கிடைப்பதில்லை.

தாம்பரம் வட்டாரத்தில் சபை என்றால் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். கிழக்குத் தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று ஊர் தெற்கே நீண்டபோது குடியேறியவர்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஏராளம். சொந்தபந்தம் எல்லாம் அறுநூறு, எழுநூறு கிலோமீட்டர் தள்ளி. இங்கே உறவு என்றால் சபைதான். வாடகை வீடு பார்த்துக் கொடுப்பது, பிள்ளைக்குப் பள்ளியில் இடத்துக்குச் சிபாரிசு, பிரசவத்துக்கு ரத்தம், வரன் பார்ப்பது எல்லாம் சபை ஆட்கள் மூலம்தான். ஒரு தாய் பாஸ்டர்மீதோ பாடகர் குழு அண்ணன்மீதோ புகார் சொன்னால் அவள் இழப்பது ஞாயிறு ஆராதனையை மட்டுமல்ல, ஊரையே இழக்கிறாள். வீட்டுக்காரர்கூட சபை அங்கத்தினராக இருக்கலாம்.

புகாரை எங்கே கொடுப்பது என்பது சபைக்குச் சபை மாறும். தாம்பரத்தின் கத்தோலிக்கப் பங்குகள் 2002இல் சென்னை-மயிலையிலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. பங்குத்தந்தைக்கு மேலே ஆயர், ஆயருக்கு மேலே ரோம் என்று படிக்கட்டு தெளிவு. இந்திய ஆயர் பேரவை சிறார்மீதான குற்றங்களுக்கு 2015இலும், பணியிடத் தொல்லைக்கு 2017இலும் விதிமுறைகள் வகுத்தது. 2019 மே மாதம் போப் பிரான்சிஸ் வெளியிட்ட ஆணை, ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் புகார் பெறும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் இத்தகைய வழக்குகளுக்கு இருந்த திருத்தந்தை ரகசியக் கட்டுப்பாட்டையும் அவர் நீக்கினார். தென்னிந்தியத் திருச்சபையில் சேகரம், பேராயம், சினாட் என்று வேறொரு படிக்கட்டு. அங்கே தேர்தல் அரசியலும் உண்டு. புகார் ஒன்று வந்தால் உடனே எந்த அணி கிளப்பியது என்று பார்ப்பார்கள்.

மூன்றாவது வகைதான் இந்த வட்டாரத்தில் வேகமாக வளர்வது. ஒரு பாஸ்டர் வாடகை வீட்டில் பத்துப் பேரோடு தொடங்கி, தகரக் கொட்டகைக்கு மாறி, பிறகு மனை வாங்கிக் கட்டிய தனிச்சபை. டிரஸ்டாகப் பதிவாகியிருக்கும், டிரஸ்டிகள் அநேகமாகக் குடும்பத்தார். இங்கே படிக்கட்டே கிடையாது. பெண்கள் தங்கள் குறைகளைச் சொல்ல ஒரே வழி பாஸ்டரம்மா. புகாரே பாஸ்டர்மீது என்றால் அந்த வழியும் அடைபடுகிறது. கணவனைக் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டால் அந்த அம்மாளுக்கு வீடு, ஊழியம், பிள்ளைகளின் எதிர்காலம் மூன்றும் ஒரே நாளில் போகும். அவரைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்வது சுலபம். அவர் ஒருவரையே வழியாக வைத்த அமைப்பைத்தான் குறைசொல்ல வேண்டும்.

இத்தகைய கட்டடங்களின் அமைப்பைக் கவனித்திருப்பீர்கள். மேடைக்குப் பின்னால் ஏ.சி. போட்ட ஓர் அறை. கெட்டியான மரக்கதவு. ஆராதனை முடிந்ததும் தனி ஜெபத்துக்காகப் பெண்கள் வெளியே வரிசையில் காத்திருப்பார்கள். செருப்புகள் வாசலில் கிடக்கும். ஒவ்வொருவராக உள்ளே போவார்கள், கதவு சாத்தப்படும். பெரும்பாலான நாட்களில் உள்ளே நடப்பது ஜெபம்தான். ஆனால் அந்தக் கதவில் ஓரடிக் கண்ணாடி பதிக்க ஆகும் செலவு ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் விலையில் சிறு பங்கு. எந்தப் பாதுகாப்புக் கொள்கை ஆவணத்தையும் விட அந்தக் கண்ணாடிமேல் எனக்கு நம்பிக்கை அதிகம். நல்ல பாஸ்டருக்கும் அதுதான் பாதுகாப்பு.

படிக்கட்டு இல்லாத சபைகளுக்குச் சட்டம் ஒரு படி வைத்திருக்கிறது. அது பலருக்குத் தெரியாது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும் என்கிறது. அந்தக் குழுவில் வெளியாள் ஒருவர் கட்டாயம். கல்லூரியில் 34 மாணவிகளின் புகார் நிலைத்ததற்கு முக்கியக் காரணம் இப்படியொரு குழுவைச் சட்டம் கட்டாயப்படுத்தியிருந்ததுதான். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கும், புகாரே முதலாளிமீது என்றால் எல்லா இடங்களுக்கும், மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார் குழு உண்டு. ஊதியமில்லாத தொண்டர்களையும் பணியாளர் என்றே இந்தச் சட்டம் கணக்கில் எடுக்கிறது. ஞாயிறு பள்ளி ஆசிரியை, கீபோர்டு வாசிக்கும் பெண், ஆலயம் பெருக்குகிறவர் எல்லாரும் இதன் கீழ் கேட்க இடமுண்டு. ஆனால் மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் மூன்று மாதம். “கொஞ்ச நாள் பொறுத்திருங்க, ஜெபத்துல வைப்போம்” என்ற வார்த்தையைச் சபைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஆறு மாதம் ஜெபத்தில் வைத்தால் அந்தக் குழுவின் கதவு மூடிவிடும்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டம். 2012இல் வந்த இந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தவரும் நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பிலிருப்பவர் தமக்குக் கீழே வேலை செய்கிறவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. பிரிவின் வாசகத்தில் குருவானவருக்கோ போதகருக்கோ விலக்கு கிடையாது. சமய நிறுவனத்தின் நிர்வாகியோ ஊழியரோ அங்குள்ள பிள்ளையை வன்புணர்ந்தால் அது மோசமான வகைக் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டு.

இந்தக் கடமையின் ஓட்டையையும் பார்க்க வேண்டும். 2017இல் கேரளத்தின் கொட்டியூர் வழக்கில் பங்குத்தந்தையும் பள்ளி மேலாளருமான ராபின் வடக்கஞ்சேரி கைதானார். 16 வயதுச் சிறுமிக்குக் கிறிஸ்தவ மருத்துவமனையில் குழந்தை பிறந்தது. குழந்தை அநாதை இல்லத்துக்குப் போனது. பழியை முதலில் தம்மீது சுமந்தவர் சிறுமியின் தகப்பன். 2019 பிப்ரவரியில் தலசேரி போக்சோ நீதிமன்றம் ராபினுக்கு 20 ஆண்டு சிறை விதித்தது. உயர் நீதிமன்றம் பின்னர் அதைப் பத்தாண்டாகக் குறைத்தது. ரோம் அவரைக் குருத்துவத்திலிருந்து நீக்கியது. மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள்மீதும் தகவல் சொல்லவில்லை என்று வழக்கு இருந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. சிறுமியின் வயது 18 என்றே அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. சட்டம் கேட்பது தெரிந்ததைச் சொல்லத்தான், துருவித் தெரிந்துகொள்ள அல்ல என்றது நீதிமன்றம். நான்கு ஆண்டு கழித்து, மகாராஷ்டிர விடுதி வழக்கு ஒன்றில், தெரிந்தும் மறைப்பது கடுமையான குற்றம் என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புரியும். கண்ணை மூடிக்கொண்டவனைச் சட்டத்தால் பிடிக்க முடியாது. ஆகவே சபை தனக்கு வைத்துக்கொள்ளும் விதி சட்டத்தைவிடக் கடுமையாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தாலே சொல் என்று இருக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவரைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. உதகை மறைமாவட்டக் குருவான ஜோசப் பழனிவேல் ஜெயபால் 2004–05இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் பணியாற்றியபோது பதின்வயதுச் சிறுமிகளிடம் தவறாக நடந்தார் என்று வழக்கு. அவர் இந்தியா திரும்பிவிட்டார். 2012இல் தமிழ்நாட்டில் கைதாகி, 2014இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 2015இல் ஒரு சிறுமி தொடர்பாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஓராண்டும் ஒருநாளும் தண்டனை. காவலில் கழித்த காலத்தை வைத்து விடுதலையாகி ஊர் திரும்பினார். 2016இல் அப்போதைய ஆயர் அமல்ராஜ், வத்திக்கானிடம் ஆலோசித்தபின், அவர்மீதான பணியிடை நீக்கத்தை விலக்கினார். கடல் தாண்டி இருந்த பெண் அதைப் பத்திரிகை வாயிலாகத் தெரிந்துகொள்ள நேர்ந்தது என்றால் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! விதிப்படி எல்லாம் சரியாக இருந்திருக்கலாம். குருவின் உரிமையை ரோம் வரை கேட்டு உறுதிசெய்த நிர்வாகத்துக்கு, பாதிக்கப்பட்டவரின் கருத்து அந்த விதிப்புத்தகத்தில் ஓர் இடமே இல்லாததாக இருந்தது.

மன்னிப்பைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைக் கடக்க முடியாது. சபைகளில் மன்னிப்பு என்றால் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர் உடனே செலுத்த வேண்டிய கடன். “மன்னிச்சிடும்மா, கர்த்தர் பார்த்துப்பார்” என்கிறார்கள். செலுத்தத் தயங்கினால் கசப்பு வைத்திருக்கிறாள் என்று பேர். அபிஷேகம் பெற்றவர்மேல் கை வைக்காதே என்ற எச்சரிக்கை கூடவே வரும். வேதாகமத்திலேயே இதற்கு எதிரான கதை ஒன்று இருக்கிறது. பிரசங்க மேடையில் அது அபூர்வமாகத்தான் எடுக்கப்படுகிறது. இரண்டாம் சாமுவேல் 13ஆம் அதிகாரத்தில் தாவீதின் மகள் தாமாரை அவளுடைய மாற்றாந்தாய் மகனான அண்ணன் அம்னோன் கெடுக்கிறான். அவள் சாம்பலைத் தலையில் போட்டுக்கொண்டு, உடையைக் கிழித்துக்கொண்டு சத்தமிட்டபடி போகிறாள். உடன்பிறந்த அப்சலோம் அவளைச் சும்மா இருக்கச் சொல்கிறான். தகப்பன் தாவீது கோபப்படுகிறான், செய்வது எதுவுமில்லை. பிறகு ஆண்களுக்குள் பழிவாங்கல் நடக்கிறது, அரசியல் நடக்கிறது, போர் நடக்கிறது. தாமார் அண்ணன் வீட்டில் பாழாய்க் கிடந்தாள் என்பதோடு அவள் கதை நின்றுவிடுகிறது. குடும்ப மானம், பேச வேண்டாம் என்ற அறிவுரை, கோபத்தோடு நின்றுபோன தகப்பன். நம் மூப்பர் கூட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேதபாடம் கிடையாது. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள உஜாமா மையம் 2000ஆவது ஆண்டு முதல் இந்த அதிகாரத்தையே சிறு குழுக்களில் படிக்கவைத்து ஓர் இயக்கம் நடத்தியது. படித்து முடித்த பெண்கள் பலர் தங்கள் கதையைச் சொன்னார்கள். நம் பெண்கள் ஐக்கியக் கூட்டங்களிலும் இதைச் செய்யத் தனியாகப் பணம் வேண்டியதில்லை.

புகழ்பெற்றவர் என்றால் கடிவாளம் இன்னும் தளரும். சென்னையில் 1946இல் பிறந்து உலகம் சுற்றிய பிரசங்கியார் ரவி சகரியாஸின் சொற்பொழிவுகளைக் கேட்காத ஆங்கிலம் படித்த சபை இளைஞர் இங்கே குறைவு. அவர் உயிரோடிருந்தபோது ஒரு பெண் புகார் சொன்னார்; ரவியின் ஊழிய அமைப்பு ரவி பக்கமே நின்றது. அவர் 2020இல் இறந்தபின், அமைப்பே நியமித்த வழக்கறிஞர் நிறுவனம் 2021 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கை மசாஜ் நிலையப் பெண்கள் பலரிடம் அவர் நடந்துகொண்ட விதத்தை உறுதிசெய்தது. இங்கிலாந்தில் ஜான் ஸ்மித் என்பவர் கிறிஸ்தவ முகாம்களுக்கு வந்த பையன்களைப் பல ஆண்டுகள் சித்திரவதை செய்தார். அந்தத் தகவல் 2013இல் மேலே வந்தும் காவல்துறைக்கு முறையாகப் போகவில்லை என்ற காரணத்துக்காகக் காண்டர்பரிப் பேராயர் ஜஸ்டின் வெல்பி 2024 நவம்பரில் பதவி விலக நேர்ந்தது. முகாம் என்றதும் நம் மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிகள் நினைவுக்கு வரும். ஏப்ரல் கடைசி வாரம் அறிவிப்பு, கை தூக்குகிற இளைஞர்கள் எல்லாரும் ஆசிரியர்கள், ஒரு நாள் பயிற்சி. அதில் பாட்டும் செய்கையும் சொல்லித்தருவார்கள். பிள்ளையைத் தனியாகக் கழிப்பறைக்கு யார் கூட்டிப்போவது என்பதைச் சொல்லித்தருவதில்லை. பையன்களும் பாதிக்கப்படுவார்கள் என்ற நினைப்பே பல இடங்களில் இல்லை.

சரி, ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஒரு தாய் எட்டாம் வகுப்புப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கேட்கிறவர் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. செய்யக் கூடாததுதான் அதிகம். எங்கே தொட்டான், எத்தனை தடவை, நீ ஏன் போனாய் என்று துருவக் கூடாது. பிள்ளை எத்தனை முறை கதை சொல்கிறதோ அத்தனை முறை நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்குக் கொக்கி கிடைக்கும். பிள்ளை தானாகச் சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதி நேரத்தோடு, ஒரு தாளில் எழுதிக்கொண்டால் போதும். துணியைத் துவைக்க வேண்டாம், பாலித்தீனில் போடாமல் காகித உறையில் வைக்கவேண்டும் என்று சொல்லலாம். “உன் மேல தப்பு இல்ல” என்பதைச் சொல்லலாம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது; சட்டம் அதை அனுமதிக்காது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போன் போட்டு, “என்ன தம்பி, இப்படிச் சொல்றாங்களே” என்று கேட்கிற நல்ல மனது இருக்கிறதே, அதைப் போல் கெடுதல் வேறில்லை. அன்று ராத்திரியே வாட்ஸ்அப் உரையாடல்கள் அழிந்துபோகும்.

பிறகு 1098. அல்லது நேராக மகளிர் காவல் நிலையம். 2022 ஜனவரி முதல் தாம்பரத்துக்குத் தனிக் காவல் ஆணையரகமே இருக்கிறது. எந்த எல்லை என்ற கவலை வேண்டாம், எங்கே கொடுத்தாலும் பதிவு செய்ய வேண்டும். பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி பதிவு செய்ய வேண்டும். பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ பக்கத்தில் இருக்கலாம். ராத்திரி நேரத்தில் நிலையத்தில் உட்காரவைக்கக் கூடாது. சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும் எஃப்.ஐ.ஆர். வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தனியார் மருத்துவமனையும் இலவசமாக முதலுதவி தர வேண்டும். இரட்டை விரல் சோதனையை உச்ச நீதிமன்றம் 2022இல் கண்டித்து நிறுத்தச் சொல்லிவிட்டது. யாராவது செய்ய முற்பட்டால் கூட இருக்கிறவர் மறுக்கலாம். இதையெல்லாம் பயந்துபோன தாயால் அந்த நேரத்தில் கேட்டு வாங்க முடியாது. பக்கத்தில் நிற்கும் சபை அக்கா ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

பெயரைக் காப்பது சபைகளுக்கு மிகவும் சிரமமான பாடம். ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் ஒரே இரவில் ஐந்து வாட்ஸ்அப் குழுக்களில் குடும்பத்தின் பெயர் சுற்றும். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கில் எஃப்.ஐ.ஆரே இணையத்தில் கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் கடிந்துகொண்டு அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். விண்ணப்பித்தவர் எவ்வளவு உருக்கமாக ஜெபித்தார் என்பதை நீதிமன்றம் பார்க்காது.

பொய்ப் புகாராக இருந்தால் என்ற கேள்வி எப்போதும் வரும், வரட்டும். விசாரணையைக் காவல்துறையிடம் விட்டுவிடுவதே நிரபராதிக்கும் நல்லது; மூப்பர்கள் கொடுக்கும் நற்சான்றிதழை ஊர் நம்புவதில்லை. விசாரணை முடியும்வரை பாஸ்டரையோ ஆசிரியரையோ பொறுப்பிலிருந்து விலக்கிவைப்பது தண்டனை ஆகாது. சம்பளத்தைத் தொடர்ந்து கொடுக்கலாம். மேடை மட்டும் கூடாது. ஜலந்தர் ஆயர் பிராங்கோ முளக்கல் வழக்கில் கன்னியாஸ்திரி ஒருவர் 2018 ஜூனில் புகார் கொடுத்தார். கைது நடந்தது செப்டம்பரில், அதுவும் சக சகோதரிகள் கொச்சியில் வீதியில் உட்கார்ந்து போராடிய பின். 2022 ஜனவரியில் கோட்டயம் நீதிமன்றம் ஆயரை விடுவித்தது. 2023இல் அவர் பதவி விலகினார். வழக்கின் முடிவு எதுவாக இருந்தாலும், உடன் நின்ற சகோதரிகளைச் சபை நடத்திய விதத்தை நாடே பார்த்தது. அடுத்து வாய் திறக்க நினைக்கும் கன்னியாஸ்திரி அதைக் கணக்கில் எடுப்பார்.

குடும்பத்தின் சங்கடங்கள் வழக்கோடு முடிவதில்லை. திருமணத்துக்கு ஆலயத்தில் ஓலை வாசிக்க வேண்டும். வேறு சபைக்குப் போனால் பழைய சபையின் கடிதம் வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் இடத்துக்குச் சந்தா பாக்கியில்லாமல் இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறவர் குற்றம் சாட்டப்பட்டவரோ அவருடைய நண்பரோ. “கேஸை வாபஸ் வாங்குங்க, லெட்டர் தர்றோம்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியதே இல்லை. செயலர் ஊரில் இல்லை என்றாலே போதும். பெரும்பாலும் பாதிக்கப்பட்ட வீடுதான் சபை மாறுகிறது. மாற வேண்டியவர் யார் என்பதை எழுத்தில் முடிவுசெய்து, இந்தக் கையெழுத்துகளை வேறொருவர் பொறுப்பில் கொடுப்பதற்குத் தீர்மானம் ஒன்று போதும்.

கேட்பதைப் பற்றியும் ஒன்று. ஆஸ்திரேலியாவின் ராயல் கமிஷன் 2013 முதல் 2017 வரை 8,000க்கும் மேற்பட்டவர்களைத் தனித்தனி அமர்வில் உட்காரவைத்துக் கேட்டது. குறுக்கு விசாரணை கிடையாது, ஆதாரம் கேட்பது கிடையாது. வந்தவர்களில் பலர் நாற்பது, ஐம்பது ஆண்டு வாய் திறக்காமல் இருந்தவர்கள். நம் ஊரில் இதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இல்லாமல் இல்லை. குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களைத் தடுப்பதற்காக 2004 முதல் சென்னையில் துளிர் இயங்குகிறது. வன்முறைக்கு உள்ளான பெண்களுக்காக 2001 முதல் பி.சி.வி.சி. இருக்கிறது. பாஸ்டரின் ஆலோசனை மனநல ஆலோசகரின் வேலைக்கு ஈடாகாது. இரண்டும் தேவைப்படுகிறவர்களும் உண்டு. இந்த அமைப்புகளிலிருந்து ஒருவரை வருடத்துக்கு இரண்டு முறை சபைக்கு அழைத்துப் பேசவைக்க கன்வென்ஷன் பந்தல் செலவில் ஒரு மூலை போதும்.

கடைசியில் எல்லாம் செங்கல்பட்டில்தான் போய் நிற்கும். போக்சோ நீதிமன்றம் அங்கே. குற்றத்தைப் பதிவு செய்துகொண்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வாய்தா நீள்வதுண்டு. வீட்டு வேலை செய்யும் தாய் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை இழக்கிறாள். பிள்ளைக்குப் பள்ளி போகிறது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயில், இறங்கி ஆட்டோ, மத்தியானச் சாப்பாடு. குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் பத்துப் பேர் வெள்ளைச் சட்டையில் வந்து வராந்தாவில் நிற்பார்கள். பிள்ளை நம்பும் உறவினரோ நண்பரோ நீதிமன்றத்துக்குள் உடனிருக்கலாம் என்று போக்சோவின் 33ஆம் பிரிவு சொல்கிறது. உதவியாளர் ஒருவரை நியமிக்கும் ஏற்பாட்டை 2020 விதிகள் வைத்திருக்கின்றன. இழப்பீடு கேட்டு மனுப்போட மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு உதவும். இடைக்கால இழப்பீடும் கேட்கலாம். இந்தத் தாள்களை நிரப்பத் தெரிந்த ஒருவர், வராந்தாவில் அந்தத் தாயோடு உட்கார ஒருவர், கூலியை ஈடுகட்டக் கொஞ்சம் பணம். சபையின் வருடாந்தரக் கூட்டத்தில் வரவுசெலவை வாசிக்கும்போது கூரை பழுது, சவுண்ட் சிஸ்டம், பண்டிகை அலங்காரம் என்று தலைப்புகள் வரும். அவற்றுக்கு அடுத்து இதற்கும் ஒரு தலைப்பு, ஒரு தொகை, பொறுப்புக்கு இரண்டு பெண்கள் என்று முன்மொழிய அங்கத்தினர் யாருக்கும் உரிமை உண்டு. வழிமொழிய இன்னொருவர் வேண்டும்.